‘லைன் இல்லை, ஐயா!’



இணையவழி வகுப்பு என்பது 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு வந்தது; அந்த ஆணை போனபின் அதுவும் போய்விட்டது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஜொகூரில் வாழ்கின்றவர்கள் அப்படி எண்ணிவிட முடியாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் நச்சுக் கழிவு கொட்டப்பட்டபோது அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று இணையவழிக் கல்வி நமக்குப் பழக்கமில்லை. பிள்ளைகள் வீட்டில் சும்மா இருந்தார்கள். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்களை வெள்ளம் சூழ்ந்தபோது நிலைமை வேறாக இருந்தது. பள்ளிக்கூடம் மூடினால் மடிக்கணினியைத் திற என்பது வழக்கமாகிவிட்டிருந்தது. இவை தவிர, விடுமுறைக் கால வகுப்பு, கதை சொல்லும் போட்டிக்கான பயிற்சி, மாலை நேரச் சிறப்பு வகுப்பு என்று மடிக்கணினி திறக்கப்படும் வேளைகள் இன்னும் பல.

அவ்வாறு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம் காதில் விழுகின்ற ஒரு தொடர் உண்டு. “லைன் இல்லை, ஐயா!”

ஆசிரியர்கள் இத்தொடரை எவ்வளவு எளிதில் ஐயுறுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப்பாருங்கள். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு பெயர் திரையிலிருந்து மறைகிறது. மீண்டும் வருகிறது. வாக்கியம் அமைக்கச் சொல்லிக் கேட்கும்போது மறுபடியும் மறைகிறது. மூன்றாம் முறை மறைந்தால் நம் மனத்தில் ஒரு முடிவு எழுதப்பட்டுவிடுகிறது: இந்த மாணவனுக்கு அக்கறை இல்லை. வருகைப் பதிவேட்டிலோ ‘வரவில்லை’ என்ற ஒரே சொல். பெற்றோரும் பிள்ளையைத்தான் கடிந்துகொள்கிறார்கள். மறைந்தது பிள்ளையா, அலையா என்று யாரும் பார்ப்பதில்லை.

மடிக்கணினி வைத்திருக்கும் வீட்டில் இப்படி ஒரு சிக்கலா என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020-இல் கல்வி அமைச்சு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களைப் பற்றிப் பெற்றோர்களிடம் ஆய்வு நடத்தியபோது, 36.9 விழுக்காட்டு மாணவர்களுக்கு எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி உடையவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே. அதன்பின் நன்கொடையாகவும் தவணையிலும் பழைய பொருளாகவும் பல வீடுகளுக்கு மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. கருவி வந்தது, ஆனால் அதைப் பேணுகின்ற அறிவு உடன் வரவில்லை. அந்த அறிவைப் பற்றித்தான் இக்கட்டுரை. கணினிப் பொறியாளருக்காக இதை எழுதவில்லை. ஆத்தாவும் அப்பாவும் படித்து, வீட்டில் தாமே செய்து பார்க்கத்தக்க வகையில் எழுத முயல்கிறேன்.

முதலில் அந்த ‘லைன்’ என்ற சொல்லைப் பிரிக்க வேண்டும். நாம் ஒன்றாக நினைப்பது உண்மையில் இரண்டு வழிகள். மடிக்கணினியிலிருந்து வீட்டிலுள்ள ரௌட்டர் வரை காற்றில் செல்வது ஒரு வழி. இதுதான் அருகலை எனப்படும் வைஃபை. ரௌட்டரிலிருந்து சுவரைத் தாண்டி வெளியே இணையச் சேவை நிறுவனம் வரை செல்வது மற்றொரு வழி. அது கண்ணாடி இழையாக இருக்கலாம், பழைய செப்புக் கம்பியாக இருக்கலாம், அல்லது கைத்தொலைபேசிக் கோபுரமாக இருக்கலாம். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் வீதிக் குழாயில் அடைப்பா, வீட்டுக் குழாயில் அடைப்பா என்று பார்த்த பிறகே ஆளை அழைக்கிறோம் அல்லவா? இணையத்திற்கு மட்டும் அந்தப் பொறுமை நமக்கு இருப்பதில்லை. உடனே நிறுவனத்தை அழைக்கிறோம். அவர்கள் வேகம் கூடிய திட்டத்திற்கு மாறச் சொல்கிறார்கள். மாதம் சில பத்து ரிங்கிட் கூடுகிறது. பிள்ளை மறுபடியும் திரையிலிருந்து மறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் முதல் வழியில் கோளாறு என்றால், வெளியே இருக்கும் இரண்டாம் வழியை எவ்வளவு அகலப்படுத்தியும் பயனில்லை.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. விண்டோஸ் கணினியில் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சிட்டால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு உள்ளிடும் பொத்தானை அழுத்துங்கள். வருகின்ற வரிகளில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்பதன் எதிரே ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதுதான் உங்கள் ரௌட்டரின் முகவரி. இப்போது ‘பிங்’ என்று தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும், மறுபடியும் இடைவெளி விட்டு ஒரு சிறுகோட்டையும் அதனோடு ஒட்டி ‘டி’ எழுத்தையும் இடுங்கள். மடிக்கணினி நொடிக்கொரு முறை ரௌட்டரை “இருக்கிறாயா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ரௌட்டர் பதில் சொல்ல எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்பது வரிவரியாக வரும். இதேபோல் இன்னொரு கறுப்புச் சாளரம் திறந்து, ரௌட்டர் எண்ணுக்குப் பதிலாக 8.8.8.8 என்று இடுங்கள். இது கூகுள் நிறுவனத்தின் பொதுச் சேவை ஒன்றின் முகவரி, அதாவது வெளியுலகம். இரண்டு சாளரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையை வகுப்பில் அமரச் சொல்லுங்கள்.

இணைப்பு அறுகின்ற அந்த நொடியில் இரண்டு சாளரங்களும் நின்றால் கோளாறு வீட்டுக்குள். ரௌட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, வெளிச் சாளரம் மட்டும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றால் கோளாறு வெளியே. ரௌட்டரின் பதில் வழக்கமாகச் சில மில்லிநொடிகளில் வந்துவிடும். அது நூறு, முந்நூறு என்று ஏறி இறங்கினால், அறுந்துபோகாவிட்டாலும் அருகலை திணறுகிறது என்று பொருள். சோதனையை நிறுத்த, கண்ட்ரோல் விசையோடு சி-யை அழுத்தினால் போதும். எத்தனை கேள்விக்குப் பதில் வந்தது, எத்தனை தொலைந்தது என்ற கணக்கையும் அதுவே சொல்லிவிடும்.

இதன் அருமையை ஒரு வீட்டில் நேரில் கண்டேன். கூலாய்ப் பகுதியில் ஒரு வரிசை வீடு. ஐந்தாம் ஆண்டு மாணவி. காலை வகுப்பில் குறையே இல்லை. பதினொன்றரை மணி ஆனால் போதும், காணாமல் போய்விடுவாள். நாள்தோறும் அதே நேரம்! சக ஆசிரியர் ஒருவர், “பசி நேரம், ஓடிவிடுகிறாள்” என்றார். தாயாரோ, “அந்த நேரத்தில் தாமானில் எல்லாரும் லைன் போடுகிறார்கள், ஐயா. வேகத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் கூட்டப் போகிறேன்” என்றார். அவர் சொன்னது நம்பும்படிதான் இருந்தது. ஆனாலும் ஒரு நாள் வீட்டிற்குச் சென்று பதினொன்றரை மணியில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தேன்.

நடந்தது இதுதான். அந்நேரம் பாட்டிக்குத் தொலைக்காட்சித் தொடர். கூடத்தில் சத்தம். பிள்ளை மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுகிறாள். கூடத்திற்கும் அந்த அறைக்கும் நடுவே இரண்டு சுவர். ரௌட்டரோ வாசலருகே தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால். பின்னறையில் சோதித்தபோது இரண்டு சாளரங்களும் நின்று நின்று ஓடின. மின்னூட்டியைச் செருகியதும் பெரும்பாலும் சீராயிற்று. கழற்றியதும் மீண்டும் திணறல்.

காரணம் எளிது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த அருகலைக் கருவியை இடையிடையே உறங்க வைக்கும். ரௌட்டர் அருகில் இருந்தால் அந்த உறக்கம் நமக்குத் தெரியாது. அலை வலுவிழந்த இடத்தில் அதுவே இணைப்பை அறுத்துவிடும். அந்தப் பழைய மடிக்கணினியின் மின்திட்டப் பகுதியில் ‘வயர்லெஸ் அடாப்டர்’ என்பதன்கீழ், மின்கலத்தில் ஓடும்போதும் முழுத் திறன் என்று மாற்றினேன். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் அருகலைக் கருவியின் பண்புகளைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இக்கருவியை அணைத்துவைக்கக் கணினிக்கு அனுமதி என்ற கட்டத்திலிருந்த குறியை நீக்கினேன். தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்த ரௌட்டரைக் கம்பி எட்டிய அளவுக்கு எடுத்து அலமாரிமேல் வைத்தோம். ஒரு காசு செலவில்லை. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் நான் சொன்ன முதல் அமைப்பு கண்ணில் படாது. அவற்றில் மின்சாரம் பற்றிய பகுதியில் ‘சிறந்த செயல்திறன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தாயார் அடுத்த மாதம் வேகத்தைக் கூட்டவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

ரௌட்டரை வைக்கும் இடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறுவனத்தார் கம்பி நுழைகின்ற இடத்திலேயே அதைப் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அது வசதி. நம்மவர்கள் அதன்மேல் துணி போர்த்துவதும், அழகு கருதி அலமாரிக்குள் அடைப்பதும் உண்டு. இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட்டுச் சுவர், மீன்தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி ஆகிய யாவும் அலையைத் தடுக்கும். பலகைச் சுவர் கொண்ட பழைய தோட்டத்து வீடுகளில் இத்தொல்லை குறைவு என்பதைக் கண்டிருக்கிறேன்! அங்கே தொல்லை வேறு. வெளியிலிருந்து வருகின்ற அலையே தேய்ந்துதான் வரும்.

ரௌட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவுக்குச் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் நெரிசல் மிகுதி. அண்டை வீட்டு ரௌட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய அனைத்தும் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. சுவர் என்றால் சோர்ந்துவிடும். (இது கைத்தொலைபேசியின் 5ஜி அன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ‘எங்கள் வட்டாரத்தில் 5ஜி இல்லையே’ என்று கேட்ட பெற்றோர் பலர்.) பல ரௌட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டிருப்பார்கள். மடிக்கணினி இதற்கும் அதற்கும் தாவித் தாவி ஒவ்வொரு தாவலிலும் குரல் அறும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் இட்டு, ரௌட்டர் இருக்கும் அறையிலேயே படிக்கிற பிள்ளைக்கு 5, இரு சுவர் தாண்டிய பிள்ளைக்கு 2.4 என்று நிலையாகக் கொடுத்துவிடலாம். 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. வரிசை வீடுகளில் எல்லாரும் ஒரே தடத்தில் இருந்தால், சந்தையில் ஒருவரோடொருவர் பேசுவது போல்தான் இருக்கும். நெரிசல் குறைந்த தடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் ஒரு பகுதி ராடார்களுக்கும் உரியது. ராடார் துடிப்பு என்று ரௌட்டர் கருதும் ஏதேனும் தென்பட்டால், விதிப்படி அது அந்தத் தடத்தை உடனே காலி செய்தாக வேண்டும். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் 5-இலிருந்து விழுந்து, சிறிது நேரத்தில் தாமே திரும்பினால் இதை நினைவில் கொள்க. தடத்தை 36 முதல் 48-க்குள் நிலைநிறுத்தினால் இச்சிக்கல் எழாது.

பிள்ளையின் பாடக்குறிப்புகள் உள்ள வெளிவன்வட்டு ஒன்றை மடிக்கணினியில் எப்போதும் செருகி வைத்திருக்கிறீர்களா? யு.எஸ்.பி. 3.0 வகைக் கருவிகளும் அவற்றின் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியுள்ளது. வகுப்பு நேரத்தில் கழற்றி வைத்துப் பாருங்கள்.

இனி, வெளி வழி. இதில் ஜொகூருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. வீட்டில் கம்பி இணைப்பு இல்லாமல், கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைக்கும் குடும்பங்கள் பல. ஜொகூர் பாரு கடற்கரையை ஒட்டிய வீடுகளில், நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூர்க் கோபுரங்களின் அலை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பாலத்தின் நீளமே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! நம் நாட்டு அலை சற்றுத் தளர்ந்த வேளையில் கைத்தொலைபேசி அந்நாட்டு வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். அயல்நாட்டுத் தரவு அணைக்கப்பட்டிருந்தால் இணையம் நின்றுவிடும்; அணைக்கப்படாமல் இருந்தால் கட்டணம் ஏறிவிடும். மடிக்கணினியோ ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்றே காட்டும். கைத்தொலைபேசி அமைப்பில் வலையமைப்பைத் தானியங்கித் தேர்விலிருந்து மாற்றி, நம் நிறுவனத்தின் பெயரை நாமே தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அந்தக் கைத்தொலைபேசி தந்தையுடையது என்றால், அவர் விடியற்காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றதும் வீட்டில் ‘லைன்’ இல்லை. இதற்கு எந்த அமைப்பிலும் மருந்தில்லை. ஆசிரியருக்கு அது தெரிந்திருந்தால் மட்டும் போதும்.

பழைய 3ஜி கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. உறவினர் கொடுத்த பழைய யு.எஸ்.பி. மோடம் இயங்கவில்லையென்றால் அதைப் பழுது பார்க்கக் காசு செலவிடாதீர்கள்.

மழை பெய்தால் அருகலை அறுகிறது என்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் அலையை வெளிமழை ஒன்றும் செய்யாது. மழையோடு சேர்ந்து அறுந்தால் நீர் புகுந்த செப்புக் கம்பி, மின்னலில் அடிபட்ட கருவி, அல்லது நொடிப்பொழுது வந்துபோன மின்தடை என்று வெளியேதான் தேட வேண்டும். நம் பிற்பகல் இடிமழையின்போது ரௌட்டரின் மின்செருகியைக் கழற்றிவைப்பது நல்லது; வகுப்பு போனால் போகட்டும்.

கோளாறு வெளியேதான் என்று உறுதியானால், புகார் சொல்லும் முறையும் மாற வேண்டும். “அடிக்கடி போகிறது” என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அப்போது ரௌட்டர் பதில் சொன்னதா, ரௌட்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததா என்று மூன்று நாள் குறித்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். நிறுவனம் தீர்க்காவிட்டால் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். தொலைபேசியில் பேசுபவர் ரௌட்டரை ‘ரீசெட்’ செய்யச் சொன்னால், அணைத்துப் போடச் சொல்கிறாரா, அல்லது பின்புறத் துளையில் குச்சியால் அழுத்தச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். துளையில் அழுத்தினால் எல்லா அமைப்புகளும் அழிந்துவிடும். பெயரும் கடவுச்சொல்லும் திரும்ப இட வேண்டியிருக்கும். சில இணைப்புகளில் நிறுவனத்தின் ஆளே வர வேண்டியிருக்கும்.

ஆசிரியர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் நாற்பது முகங்களும் தெரிந்தாக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கேமரா ஓடும்போது பிள்ளையின் வீட்டிலிருந்து வெளியே செல்லும் வழிதான் முதலில் அடைபடுகிறது. பல திட்டங்களில், குறிப்பாகக் கைத்தொலைபேசி இணைப்புகளில், வெளிச்செல்லும் வேகம் உள்வரும் வேகத்தைவிட மிகக் குறைவு. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் இரு வகுப்பில் இருந்தால் இன்னும் நெருக்கடி. பெயர் சொல்லி அழைக்கும்போது மட்டும் கேமராவைத் திறக்கச் சொல்லலாம். பாடத்தின் சுருக்கத்தைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால், அறுந்த பிள்ளை பிறகு கேட்டுக்கொள்ளும். பதிவேட்டில் ‘வந்தார்’, ‘வரவில்லை’ என்னும் இரு கட்டங்களுக்கு நடுவே ‘இணைப்பு அறுந்தது’ என்று மூன்றாவது கட்டம் ஒன்றை நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரே பெயர் அங்கே மூன்று முறை வந்தால் பெற்றோரை அழைத்து, மணி என்ன, எந்த அறை, மின்னூட்டி செருகியிருந்ததா என்று கேட்கிறேன். “ஏன் ஓடிப்போனாய்?” என்று பிள்ளையைக் கேட்பதைவிட இக்கேள்விகளுக்கு விடை விரைவில் கிடைக்கிறது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வரும் பெற்றோர்கள் தங்கள் மடிக்கணினியையும் அதன் மின்னூட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் கணினி அறையில் இருப்பேன். அந்தக் கறுப்புச் சாளரத்தைத் திறப்பது எப்படி என்பதையும், மின்கல அமைப்பை மாற்றுவது எப்படி என்பதையும் சேர்ந்தே செய்து பார்த்துவிடலாம்.